போனில் ஜெர்மன் படித்தால் ஜெர்மன் வருமா?

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் பி2 சான்றிதழ் வேண்டும், ஜப்பானின் திறன் தொழிலாளர் விசாவுக்கு ஜப்பானிய மொழித் தேர்வு தேற வேண்டும், இலங்கையிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போவோர் கொரிய மொழித் தேர்வு எழுத வேண்டும் என்று ஒரு பக்கம் செய்தி வருகிறது. இன்னொரு பக்கம், எதிரே இருப்பவர் பேசுவதைக் காதுக்குள்ளேயே மொழிபெயர்த்துச் சொல்லும் கருவி வந்துவிட்டது, டுவோலிங்கோ என்ற மொழிச் செயலி நிறுவனம் 2025 ஏப்ரலில் ஒரே வீச்சில் 148 புதிய மொழிப் பாடங்களை வெளியிட்டுவிட்டது, செயற்கை நுண்ணறிவோடு நள்ளிரவிலும் ஜெர்மனில் அரட்டை அடிக்கலாம், இனிமேல் போன் போதும் என்று சொல்லும் செய்திகள். இரண்டையும் படிப்பவருக்குத் தலை சுற்றுவது நியாயம்தான். போன் மொழி கற்றுத் தருமா, தராதா? தரும் என்றால், ஒரு வருடம் ஒரு நாள் விடாமல் செயலியைத் திறந்தவர்கள்கூட ஜெர்மனில் ஓர் அழைப்பு வந்தால் எடுக்கப் பயப்படுவது ஏன்?

மொழி கற்பது என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலைந்து தனித்தனி வேலைகள். சில வேலைகள் போனுக்குள் கச்சிதமாக அடங்கும், வகுப்பறையைவிட நன்றாகவே நடக்கும். சில எப்படி மடக்கினாலும் அடங்காது. அடங்குவதை மட்டும் முடித்துவிட்டு மொழியே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. ஜெர்மனை முக்கிய உதாரணமாக வைத்துக்கொண்டு, கொரியம், ஜப்பானியம், மலாய் பக்கமும் எட்டிப் பார்த்து, இதை அடியிலிருந்து கட்டிப் பார்க்கலாம்.

ஏ1, பி2 என்பதெல்லாம் என்ன?

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோல் அது. ஏ1, ஏ2 தொடக்கப் படிகள். பி1, பி2 நடுப்படிகள். சி1, சி2 மேல்படிகள். ஏ1 என்றால் பெயர், ஊர், விலை, மணி கேட்டுச் சொல்லலாம். பி2 என்றால் தன் தொழில் சார்ந்த ஒரு விஷயத்தில் எதிராளியோடு விவாதிக்கலாம், மறுக்கலாம், மறுப்புக்குக் காரணமும் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதற்கும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் சண்டை போடுவதற்கும் உள்ள தூரம்.

இதை மணிக்கணக்கில் பார்த்தால் சுருக்கென்று உறைக்கும். கோதே நிறுவனம் (சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்றால் எல்லோருக்கும் தெரியும்) சொல்லும் மதிப்பீட்டின்படி ஏ1க்கு 80 முதல் 200 பாடவேளைகள், பி2 வரை போக மொத்தம் 600 முதல் 800 பாடவேளைகள் தேவைப்படும். ஒரு பாடவேளை 45 நிமிடம். குறைந்தபட்சக் கணக்கான 600ஐ எடுத்தாலே 450 மணி நேரம் ஆகிறது. நீங்கள் தினமும் செயலியில் 15 நிமிடம் செலவழிக்கிறீர்கள் என்றால் 1800 நாள், அதாவது ஏறக்குறைய ஐந்து வருடம். மேல்வரம்பான 800ஐ எடுத்தால் 2400 நாள், ஆறரை வருடம். அதுவும் அந்த 15 நிமிடத்தில் விளம்பரம், வாணவேடிக்கை, பரிசுப்பெட்டி திறப்பது எதுவும் இல்லாமல் முழுக்கப் படிப்பாகவே இருந்தால்!

ஆக முதல் குழப்பம் இங்கேயே பாதி தீர்ந்தது. பலருக்குப் பேச்சு வராததற்குக் காரணம் செயலியின் தரமோ அவர்களின் மூளையோ இல்லை, வெறும் நேரக் கணக்கு. ஒரு வருடம் விடாமல் செய்தவர் செலவழித்தது 90 மணி நேரம்தான், அதற்கு ஏ1 வந்திருந்தால் அது நல்ல விளைச்சல். டுவோலிங்கோ அந்த 148 பாடங்களை அறிவித்தபோதே அவை பெரும்பாலும் ஏ1, ஏ2 அளவுக்கானவை என்று சொல்லித்தான் வெளியிட்டது. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

போன் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம்: நினைவு

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போனைக் குறை சொல்கிறவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

1. 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமே இல்லாத அசைகளை உருவாக்கி, தன்னையே சோதனை எலியாக்கி, மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று மறக்கிறது, அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது. மறதி வளைகோடு என்று சொல்வது இதைத்தான்.

2. மறந்துபோகும் தறுவாயில் ஒரு சொல்லை மறுபடி நினைவுபடுத்தினால் அடுத்த முறை அது இன்னும் அதிக நாள் தாங்கும். 1967இல் பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழி ஆய்வாளர் இதற்கு ஒரு கால அட்டவணையே போட்டார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 வருடம். ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

3. அட்டவணை சரி, யார் கணக்கு வைப்பது? 1972இல் செபாஸ்டியன் லைட்னர் ஓர் அட்டைப்பெட்டியைச் சொன்னார். பெட்டிக்குள் சில அறைகள். சொல் எழுதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் அறைக்கு வந்துவிடும். பின் அறைகளைத் திறப்பது எப்போதாவதுதான்.

4. போலந்து மாணவர் பியோட்டர் வோஸ்னியாக் 1987இல் இதைக் கணினிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு அட்டைக்கும் 'இது உனக்கு எவ்வளவு கஷ்டம்' என்று கேட்டு, அதை வைத்து அடுத்த தேதியைக் கணக்கிடும் முறை அது. 2006இல் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த டேமியன் எல்ம்ஸ் உருவாக்கிய அன்கி என்ற இலவசச் செயலி அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. அன்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கே மனப்பாடம் என்றுதான் பொருள்.

முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரும் இரண்டாயிரம் சொற்களில் எதை எந்தத் தேதியில் மறக்கப் போகிறார்கள் என்று எந்த ஆசிரியராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. போனுக்கு அது ஒரு வேலையே இல்லை. அதோடு இந்த மீள்பார்வைக்குத் தேவைப்படுவது நாளுக்குப் பலமுறை இரண்டு மூன்று நிமிடம், அதாவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், பால் பொங்கும்வரை நிற்கும் நேரம். எப்போதும் கையிலேயே இருக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2008இல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களை அவற்றின் ஆங்கிலப் பொருளோடு கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லைச் சிலருக்கு மறுபடி மறுபடி தேர்வு வைத்தார்கள். சிலருக்கு மறுபடி படிக்க மட்டும் விட்டார்கள். ஒரு வாரம் கழித்து, தேர்வு தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது, படிக்க மட்டும் செய்தவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் சொன்னது. எது தன் மண்டையில் நின்றது என்பதை நாமே சரியாக மதிப்பிடுவதில்லை.

இதைச் செயலிக்குப் பொருத்திப் பாருங்கள். நாலு விடையில் ஒன்றைத் தொடுவது, கலைத்துப்போட்ட சொற்களை வரிசையாக இழுத்து வைப்பது எல்லாம் பார்த்து அடையாளம் காணும் வேலை. கல்யாண வீட்டில் எதிரே வருபவர் முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை என்று முழிப்போமே, அதே நிலைதான். பேசும்போது யாரும் நாலு விடை காட்டிக் கேட்பதில்லை. விடையை மறைத்துவிட்டுத் தாய்மொழிச் சொல்லைக் காட்டி, 'இதை ஜெர்மனில் சொல்' என்று கேட்கும் அட்டைதான் உள்ளிருந்து எடுக்கவைக்கிறது. அது கஷ்டம், அதனால் பலருக்குப் பிடிப்பதில்லை. செயலி நடத்துபவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஸ்ட்ரீக் யாருக்காக?

ஸ்ட்ரீக் என்றால் விடாமல் வந்த நாட்களின் எண்ணிக்கை. இது ஏன் இவ்வளவு பெரிதாகத் திரையில் நிற்கிறது என்று புரிய டுவோலிங்கோவின் பிறப்பைப் பார்க்க வேண்டும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் குவாத்தமாலாவில் பிறந்த லூயி வான் ஆன். 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்க நெளிந்த எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்வார்களே, அந்த கேப்ட்சாவை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். நாம் தட்டும் எழுத்துகளை வைத்தே பழைய புத்தகங்களைக் கணினிக்கு ஏற்றும் வேலையையும் சேர்த்து முடித்தார். ரீகேப்ட்சா என்ற அந்த இரண்டாவது வடிவத்தை 2009இல் கூகுள் வாங்கியது. டுவோலிங்கோவின் ஆரம்பத் திட்டமும் அதே சாயல்தான்: மாணவர்கள் இலவசமாகப் படிக்கட்டும், பயிற்சியாக அவர்கள் செய்யும் மொழிபெயர்ப்பை விற்றுக் காசாக்கலாம். சிஎன்என் போன்ற நிறுவனங்களுக்காக அப்படி மொழிபெயர்ப்பும் நடந்தது. 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பிறகு அந்த வழியைக் கைவிட்டு விளம்பரம், சந்தா என்று மாறினார்கள். 2021இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள்.

விளம்பரமும் சந்தாவும்தான் வருமானம் என்றால், நிறுவனத்துக்கு முதலில் வேண்டியது நீங்கள் நாளையும் வருவது. நீங்கள் பி2 தேறுவது நல்லதுதான், ஆனால் தேறியவர் செயலியை விட்டுப் போய்விடுவார். இதில் சதி ஒன்றும் இல்லை, தினமும் வராவிட்டால் மொழி வராது என்பதும் உண்மைதான், அந்த அளவுக்கு இரு தரப்பின் நலனும் ஒத்துப்போகிறது. பிரியும் இடம் ஒன்றுதான்: இரவு பதினொன்றே முக்காலுக்கு நோட்டிஃபிகேஷன் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை ஒரு நிமிடத்தில் தட்டி முடித்து எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறீர்கள் பாருங்கள், அன்று செயலிக்கு ஒரு நாள் கிடைத்தது, உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆங்கிலம் வழியாகப் போனால் எதை இழக்கிறோம்

என் பார்வையில் தமிழர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நம்மில் பலர் செயலியில் ஜெர்மனையோ கொரியத்தையோ ஆங்கிலம் வழியாகவே படிக்கிறோம். பழக்கம் ஒரு காரணம், நல்ல பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது இன்னொன்று. பாடத்தின் சுற்றுச்சுவர் தமிழில் இருந்தாலும், எது கஷ்டம், எது சுலபம், எதை விளக்க வேண்டும் என்ற முடிவுகள் ஆங்கிலம் பேசுபவரை மனதில் வைத்து எடுக்கப்பட்டிருந்தால் விளைவு அதேதான். தமிழில் நமக்குச் சும்மா கிடைக்கும் பல விஷயங்களை ஆங்கிலத்தில் நுழைந்து மறுபடி கஷ்டப்பட்டுக் கற்கிறோம்.

1. நீ, நீங்கள். ஜெர்மனில் நெருங்கியவருக்கு டு, மரியாதைக்கு ஸீ. தமிழருக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' என்ற ஒரே சொல், அதனால் செயலி 'யூ' என்று காட்டும்போது எது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது, தப்பாகத் தட்டி மதிப்பெண்ணும் போகிறது.

2. வினைச்சொல் கடைசியில். ஜெர்மனில் 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். 'வைல் இஷ் ம்யூடெ பின்' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன்'. வரிசை மாறவே இல்லை. ஆங்கிலக்காரருக்கு இது தலைகீழ் வாக்கியம், அதனால் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகப் பயமுறுத்தும். நாமும் அந்தப் பயத்தை இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

3. நாம், நாங்கள். மலாய் மொழியில் கேட்பவரையும் சேர்த்தால் கித்தா, சேர்க்காவிட்டால் காமி. அப்படியே நம் நாம், நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் 'வீ'. மலேசியாவில் தமிழ் பேசி வளர்ந்த குழந்தைக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம், ஆங்கிலம் வழியாக மலாய் படிப்பவருக்குத் தனிப் பாடமே வேண்டும்.

4. குறில், நெடில், ஒற்று. ஜப்பானியத்தில் ஒபசான் என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண்மணி. ஒபாசான் என்று நீட்டினால் பாட்டி. கிதே, கித்தே இரண்டும் வேறு வேறு சொல். படு, பாடு என்றும் அதை, அத்தை என்றும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உறுத்தாது. ரோமன் எழுத்தில் எழுதிப் படித்தால்தான் குழப்பம்.

5. வாக்கிய வரிசையும் வேற்றுமை உருபும். கொரிய மொழியில் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்றால் நான், பள்ளி, அதன் வாலில் 'எ' என்ற உருபு, கடைசியில் போகிறேன். நம் 'கு' உட்காரும் அதே இடத்தில் அந்த 'எ' உட்காருகிறது. உச்சரிப்பிலும் ஒரு ஒற்றுமை உண்டு: தமிழில் 'கடல்' என்பதன் முதல் எழுத்து வல்லோசை, 'அகல்' என்பதில் அதே க மென்மையாகிறது அல்லவா, கொரியத்தின் சில எழுத்துகளும் சொல்லின் முதலில் ஒரு மாதிரி, உயிருக்கு நடுவே ஒரு மாதிரி ஒலிக்கும்.

இதெல்லாம் இருக்கிறதே என்று உடனே கொரியம் நம் பங்காளி மொழி என்று கிளம்பிவிட வேண்டாம், 'அப்பா' என்ற சொல் இரண்டிலும் இருப்பதை வைத்து அந்தக் கதை இணையத்தில் போதுமான அளவு ஓடிவிட்டது. ஒற்றுமை கற்பதற்கு உதவும், அவ்வளவுதான். ஒரு குறும்பு மட்டும் சொல்லிவிடுகிறேன். கொரியத்தில் நெருப்பு, கொம்பு, புல் ஆகிய மூன்றுக்கும் உள்ள சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றுதான் வரும். முதல் ஒலியில் காற்று வரும் அளவும் தொண்டை இறுகும் அளவும் வேறு வேறு. அதில் மூச்சு அதிகம் வரும் 'புல்'லுக்கு அர்த்தம் நம் புல்லேதான்!

தமிழ் முட்டுக்கட்டை போடும் இடங்களும் உண்டு. ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் ஒன்றன்பால் மாதிரி மூன்றாவது பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் அந்த மூன்றாவது பாலில்தான் வருகிறது. பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் சொல்லிப் பழகிய நமக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இங்கே ஆங்கிலமும் உதவாது, பயிற்சி அட்டைதான் உதவும்.

காதும் வாயும்

கேட்பதற்குப் போன் அற்புதமான கருவி, இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜெர்மனியின் டாய்ச்செ வெல்லெ வானொலி செய்தியை மெதுவாக வாசித்து, எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. வேகத்தைக் குறைக்கலாம், பத்து நொடி பின்னால் போகலாம், நூறு தடவை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. கேசட் காலத்தில் டேப் சிக்கிக்கொண்டு பென்சிலால் சுற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பேசுவதில்தான் சிக்கல். போன் உங்கள் உச்சரிப்பைச் சோதிப்பது இரண்டு விதம். ஒன்று, திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டி அதைப் படிக்கச் சொல்வது. நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அதற்கு முன்பே தெரியும். உங்கள் ஒலியை அந்த வாக்கியத்தின் ஒலிகளோடு வரிசையாகப் பொருத்தி எவ்வளவு நெருங்கியது என்று பார்க்கும். கடுமையாக அளந்தால் பயனாளர் ஓடிவிடுவார் என்பதால் பல செயலிகள் தாராளமாகவே 'சபாஷ்' போடும். இன்னொன்று, செயற்கை நுண்ணறிவோடு தாராளமாக உரையாடுவது. இங்கே நீங்கள் பேசியதை எழுத்தாக்கும் மென்பொருள் வெறும் ஒலியை மட்டும் கேட்பதில்லை, முன்பின் சொற்களை வைத்து என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இந்தத் திறமைதான் நமக்கு வினை.

உதாரணமாக ஜெர்மனில் நான்கு என்பதற்கு 'ஃபியர்', பீருக்கு 'பியர்'. காஃபியைக் காப்பியாக்கிய நாக்கு நம்முடையது. ஃபியரும் பியர் பக்கம் சாயத்தான் பார்க்கும். நீங்கள் 'பியர் யூரோ' என்று சொன்னாலும் மென்பொருள், யூரோவுக்கு முன்னால் எண்தானே வரும் என்று தானே திருத்திப் புரிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். கடைக்காரரும் யூரோவை வைத்துப் புரிந்துகொள்ளலாம், ஆனால் வெறும் எண்ணை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், வார்டில் எத்தனை மாத்திரை என்று கேட்கும்போது, அந்த ஊகம் கைகொடுக்காது. அதே போல 'ஏற்கெனவே' என்பதற்கு ஷோன். நாக்கை ஏ சொல்லும் இடத்தில் வைத்து உதட்டை மட்டும் ஓ மாதிரி குவித்தால் அதே சொல் 'அழகான' என்று மாறிவிடும். தமிழ் எழுத்தில் அதை எழுதவே முடியாது.

ஆனாலும் செயற்கை நுண்ணறிவு உரையாடலை நான் ஒதுக்கிவிடமாட்டேன். கூச்சம் என்ற பெரிய சுவரை அது உடைக்கிறது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்று வாயே திறக்காதவர், ஒரு மாதம் போனோடு பேசியபின் மனிதரிடம் பேசத் துணிந்தால் அது லாபம்தான். வாய் திறப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கனடாவிலிருந்து பழைய சான்று ஒன்று உண்டு. அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளிகள் இருந்தன. வருடக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டே வளர்ந்த குழந்தைகள் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கிவிட்டார்கள், பேச்சிலும் எழுத்திலும் மட்டும் இலக்கணத் தவறுகள் நீடித்தன. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985இல் இதை வைத்துச் சொன்ன காரணம்: கேட்கும்போது பாதி இலக்கணத்தைக் கவனிக்காமலே அர்த்தத்தைப் பிடித்துவிடலாம், சொந்தமாக ஒரு வாக்கியத்தைக் கட்டும்போதுதான் எது தெரியவில்லை என்பதே தெரியவரும்.

தேர்வு எதைக் கேட்கிறது

கோதே பி2 தேர்வில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் 60 எடுத்தால்தான் தேர்ச்சி. வாசிப்பு 65 நிமிடம், கேட்பது சுமார் 40 நிமிடம், எழுதுவது 75 நிமிடம், பேசுவது சுமார் 15 நிமிடம். எழுதும் பகுதியில் ஒரு விவாதப் பதிவு, ஒரு முறையான கடிதம். பேசும் பகுதியில் இன்னொரு தேர்வரோடு ஜோடியாக உட்கார்ந்து, ஒரு தலைப்பில் சிறு உரை நிகழ்த்தி, அவர் கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகு ஒரு பொருளில் இருவரும் விவாதிக்க வேண்டும். வாசிப்பில் எடுத்த 95ஐக் கொண்டுபோய் பேச்சில் எடுத்த 50ஐ நிரப்ப முடியாது.

செயலியில் நீங்கள் செய்ததெல்லாம் மூன்று நிமிடத் துண்டுகள், ஒரு வரி வாக்கியங்கள். 75 நிமிடம் தொடர்ந்து உட்கார்ந்து ஒரு வாதத்தைக் கட்டும் தசை அதில் வளர வாய்ப்பே இல்லை. செயலியை மட்டும் நம்பிப் போகிறவர் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் எழுத்திலும் பேச்சிலும்தான், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மொழிபெயர்க்கும் கருவி இருக்கையில் எதற்கு இந்தப் பாடு?

கூகுள் 2017இல் மொழிபெயர்ப்பு வசதியோடு காதுக்கருவி விற்கத் தொடங்கியது, 2025இல் ஆப்பிளும் தன் ஏர்பாட்ஸில் அதைக் கொண்டுவந்தது. பயணத்துக்கும் கடை கண்ணிக்கும் இவை நன்றாகவே உதவும். ஆனால் உடனுக்குடன் என்று விளம்பரத்தில் வரும் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 'நான் அந்த மருந்தை நாளைக்குக் காலையில் அவருக்குக் கொடுக்க' என்றுவரை கேட்ட கருவி என்ன செய்யும்? அடுத்து வருவது 'வேண்டும்' ஆகவும் இருக்கலாம், 'மாட்டேன்' ஆகவும் இருக்கலாம், 'மறந்துவிட்டேன்' ஆகவும் இருக்கலாம். கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஊகிக்க வேண்டும். ஜெர்மனிலும் இதே கதை: வினையின் முன்னொட்டு பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும், அது வந்த பிறகே வினை எது என்று முடிவாகும். இந்தத் தாமதம் சிப்பின் வேகத்தால் வருவதில்லை, மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது, ஆகவே அடுத்த வருட மாடலில் முழுக்கத் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விசா அதிகாரியும் மருத்துவமனையும் கேட்பது உங்கள் பெயரில் உள்ள சான்றிதழைத்தான் என்பது தனி. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டும், ஷிப்ட் மாறும்போது நடக்கும் கூட்டத்தில் காதுக்கருவி எந்தக் குரலைப் பிடிக்கும் என்பதும் தனி.

அப்போ போனை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது

1. செயலியை முதல் இரண்டு மூன்று மாதத்துக்குப் பாதை காட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து, எண், அன்றாட வாக்கியம், தினமும் உட்காரும் பழக்கம், இதற்கு அது போதும். ஏ1க்கு கோதே தரும் சொற்பட்டியலே சுமார் 650 சொற்கள்தான், பி1க்கு சுமார் 2400.

2. அட்டைகளை நீங்களே தயார் செய்யுங்கள், தமிழ்ப் பக்கத்தோடு. கேள்வி தமிழில், விடை ஜெர்மனில். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாமல், அதன் பாலைக் காட்டும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (மூன்றாவது பால்) சேர்த்தே எழுதுங்கள். 'டிஷ்' (மேசை) என்று ஓர் அட்டை இருந்தால் அது பாதி அட்டை, 'டெர் டிஷ்' என்பதுதான் முழு அட்டை. தனிச்சொல்லைவிடச் சிறு வாக்கியம் நல்லது, நாளுக்குப் பத்துப் புது அட்டைக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் இன்று ஆசையாகச் சேர்க்கும் ஐம்பது அட்டையும் அடுத்த வாரம் மொத்தமாக மீள்பார்வைக்கு வந்து நிற்கும்.

3. அந்த மொழியின் கீபோர்டை முதல் வாரமே போனில் போட்டுக்கொள்ளுங்கள். கொரியம் என்றால் ரோமன் எழுத்தில் படிப்பதை உடனே நிறுத்துங்கள். 15ஆம் நூற்றாண்டில் மன்னர் செஜோங் உருவாக்கிய அந்த எழுத்துமுறையில் அடிப்படை எழுத்துகள் 24தான், மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் அசையாகக் கட்டும் முறை உயிர்மெய் தெரிந்த நமக்குப் புதிதே அல்ல, ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

4. உச்சரிப்புக்குச் செயலியின் 'சபாஷ்' வேண்டாம், போனின் ரெக்கார்டர் போதும். ஜெர்மானியர் பேசிய இரண்டு வரியைக் கேளுங்கள், உடனே பின்தொடர்ந்து சொல்லிப் பதிவு செய்யுங்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். தன் குரலைக் கேட்பது முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

5. செயற்கை நுண்ணறிவிடம் வெறுமனே பேசாமல் வேலை வாங்குங்கள். 'என் தவறுகளை உடனே திருத்தாதே, கடைசியில் பட்டியல் போடு', 'விளக்கத்தைத் தமிழில் சொல்', 'நீ நோயாளியின் மகள், கோபமாக இருக்கிறாய்' என்று சூழலைக் கொடுங்கள். இலக்கண விளக்கம் சில சமயம் தப்பாக, ஆனால் அசாத்திய நம்பிக்கையோடு வரும். சந்தேகம் வந்தால் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

6. ஏ2 தாண்டியபின் வாரம் இரண்டு மணி நேரமாவது ஒரு மனிதரோடு பேச வழி செய்யுங்கள், ஆசிரியரோ உடன் படிப்பவரோ வீடியோ அழைப்போ எதுவானாலும் சரி. உங்கள் 'பியர்' கேட்டு முகத்தைச் சுருக்கும் ஒருவர் வேண்டும்.

7. தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்து வாரத்துக்கு ஒரு நாள், மாதிரி வினாத்தாளையும் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, 75 நிமிடம் பேனாவால் எழுதுங்கள்.